டான்யூபில் ஏழு இரவுகள்: ஐரோப்பிய நதிக் கப்பல் பயணத்தைத் திட்டமிடும் முழு வழிகாட்டி

நதிக் கப்பல் பயணம் போக நினைப்பவர்களில் பலர் முதலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு சலுகை விலையைப் பார்க்கிறார்கள், பிறகு விடுமுறைத் தேதியை. எந்த ஆறு, அதில் எந்தப் பகுதி என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பலின் அடி தட்டும். கூடினால் பாலத்தின் கீழ் நுழைய முடியாது. எந்தப் பக்கம் தவறினாலும் உங்கள் கப்பல் பயணம் பேருந்துப் பயணமாகிவிடும். ஆகவே ஆறு, மாதம், பயணநிரல், கேபின், நிறுவனம், விலை என்ற வரிசையில் முடிவெடுங்கள்.

எந்த ஆறு?

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை டான்யூப். அதிலும் ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரையிலான பகுதி. சுமார் 580 கிலோமீட்டர், ஏழு இரவுகள், நான்கு நாடுகள். லின்ஸ், மெல்க், வாஹாவ் பள்ளத்தாக்கு, வியன்னா, பிராட்டிஸ்லாவா எல்லாம் இதற்குள் வந்துவிடும். கரையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகைகளைக் கவனியுங்கள். டான்யூபில் கருங்கடல் முகத்திலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். பாசாவில் 2226 என்று இருக்கும் எண் புடாபெஸ்டில் 1647 ஆகக் குறைந்திருக்கும்.

மற்ற ஆறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரைன் நதியின் சிறப்பு ரூடஸ்ஹைமுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையிலான மலை இடுக்கு. கோட்டைகள் அடுத்தடுத்து வரும் இந்தப் பகுதியை யுனெஸ்கோ 2002இல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மோசெல் முழுவதும் அணை கட்டித் தேக்கப்பட்ட ஆறு. தண்ணீர்க் குறைவால் நிற்பது அபூர்வம். ஆனால் 2024 டிசம்பரில் ம்யூடன் என்ற இடத்தில் ஒரு சரக்குக் கப்பல் நீர்ப்பூட்டின் (கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் அமைப்பு) கதவில் மோதியதால் ஆறே வாரக்கணக்கில் மூடப்பட்டது. போர்ச்சுகலின் டோரோ அழகானது. அங்கே இரவில் கப்பல் ஓடாது, ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். எல்பே நதியை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோடையில் அங்கே தண்ணீர் அடிக்கடி வற்றிப்போகும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை 14 இரவுப் பயணம் பலரின் கனவு. பதிவு செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் மைன் நதியும், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட 171 கிலோமீட்டர் மைன்–டான்யூப் கால்வாயும் வருகின்றன. மொத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகள். கால்வாயின் பாலங்கள் தாழ்வானவை என்பதால் மாலுமி அறையையே கீழே இறக்கிக்கொண்டு கப்பல் போகும். மேல்தளத்தைப் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில், மூடிவிடுவார்கள். பொறியியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது விருந்து. காட்சி பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள் நீளமாகத் தோன்றும்.

தண்ணீர்க் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இங்கே நேராகவே பொருந்துகிறது.

ஆற்றில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. அணை கட்டி, நீர்ப்பூட்டுகள் வைத்துத் தேக்கிய பகுதி ஒன்று. இரண்டு கதவுகளுக்கு நடுவே கப்பலை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்புதான் நீர்ப்பூட்டு. கப்பலில் ‘லாக்’ என்பார்கள். இங்கே ஆழம் ஓரளவு நிலையாக இருக்கும். மற்றொன்று தடையின்றி ஓடும் பகுதி. சிக்கல் எல்லாம் இங்கேதான்.

டான்யூபின் மேல்பகுதியில் தடையின்றி ஓடும் இடங்கள் குறிப்பாக மூன்று: ஜெர்மனியில் ஷ்ட்ராவ்பிங்–வில்ஸ்ஹோஃபன் இடையே சுமார் 70 கிலோமீட்டர், ஆஸ்திரியாவின் வாஹாவ், வியன்னாவுக்குக் கிழக்கே பிராட்டிஸ்லாவாவை நோக்கிய பகுதி. ஸ்லோவாக்கியாவின் கப்சிகோவோ நீர்ப்பூட்டுக்குக் கீழேயும் ஆறு தடையின்றி ஓடுகிறது. இவற்றில் முதலாவதுதான் அதிகம் காலை வாருகிறது. ந்யூரெம்பெர்க்கிலோ ரேகன்ஸ்பூர்கிலோ தொடங்கும் பயணம் அதைக் கடந்தே தீர வேண்டும். பாசாவிலோ வில்ஸ்ஹோஃபனிலோ தொடங்கினால் அந்த இடமே உங்கள் வழியில் வராது. ஏழு இரவுப் பயணத்தைப் பாசாவில் தொடங்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ரைனில் பாஸல் முதல் இஃபெட்ஸ்ஹைம் வரை 10 நீர்ப்பூட்டுகள். அதற்குக் கீழே கடல் வரை ஆறு தடையின்றி ஓடுகிறது. அங்கே எல்லோரும் பார்ப்பது காவ்ப் என்ற சிற்றூரில் நீர்மட்டத்தை அளக்கும் நீர்மானியை. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் பதறுவது தவறான புரிதலால்தான். நீர்மானி காட்டுவது ஆற்றின் ஆழம் அல்ல. காவ்ப் நீர்மானியில் 78 சென்டிமீட்டர் என்றால் கப்பல் வழித்தடத்தின் ஆழம் சுமார் 1.90 மீட்டர். அதாவது நீர்மானி எண்ணோடு ஏறக்குறைய 112 சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் கப்பல் தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே மூழ்கியிருக்கும். ஆகவே 40க்குக் கீழே போனால் கவலைப்பட நியாயம் உண்டு. 100இல் இருந்தால் நிம்மதியாகப் பெட்டி கட்டலாம்.

ஜெர்மன் நீர்மானிகளின் அன்றாட எண்களை ‘பேகல்ஆன்லைன்’ என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டான்யூபுக்கு ஃப்ஃபெல்லிங், ஹோஃப்கிர்ஹன் நீர்மானிகள், ஆஸ்திரியாவில் வாஹாவுக்குக் கீன்ஷ்டொக், வியன்னாவுக்குக் கீழே வில்டுங்ஸ்மாவர். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதற்கு முன்னால் பார்ப்பதில் பயன் இல்லை. ஒரு வாரம் நன்றாக மழை பெய்தால் கணக்கே மாறிவிடும்.

வெள்ளம் வேறு கதை. 2013 ஜூனில் பாசாவில் டான்யூப் 12.89 மீட்டர் வரை ஏறியது. 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் மழையால் ஆஸ்திரியாவில் கப்பல் போக்குவரத்தே நின்றது. வெள்ளம் வேகமாக வந்து பெரும்பாலும் சில நாட்களில் வடியும். தண்ணீர்க் குறைவு மெதுவாக வந்து வாரக்கணக்கில் இருக்கும்.

தண்ணீர் இல்லாவிட்டால் நிறுவனங்கள் என்ன செய்யும்? அடைபட்ட இடத்தின் இரு பக்கமும் அவர்களுக்குக் கப்பல் இருந்தால், பயணிகளைப் பேருந்தில் கொண்டுபோய் மறுபக்கக் கப்பலில் ஏற்றுவார்கள். ஒரே மாதிரிக் கப்பல்கள் பல வைத்திருக்கும் நிறுவனத்தில் உங்களுக்கு அதே எண் கேபின் கூடக் கிடைக்கலாம். ஓரிரு கப்பல் மட்டும் உள்ள நிறுவனத்தால் இது முடியாது. விடுதியில் தங்கவைத்துப் பேருந்தில் சுற்றிக்காட்டுவார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இதற்கு அனுமதி தருகின்றன, பணம் திரும்பாது. ஆகவே முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: பயணநிரல் மாறினால் என்ன ஈடு? எத்தனை நாள் பேருந்து என்றால் ரத்து செய்யலாம்? பயணக் காப்பீட்டிலும் ‘பயணநிரல் மாற்றம்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். சாதாரணக் காப்பீட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

எந்த மாதம்?

ஆல்ப்ஸ் பனி உருகி வருவதால் மே, ஜூனில் ஆறு நிறைந்திருக்கும். பகல் நீளம், ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தளத்தில் வெளிச்சம் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வாஹாவில் திராட்சை அறுவடை, இலைகளில் நிறமாற்றம். அழகில் அதற்கு ஈடில்லை, தண்ணீர் குறைவதும் அப்போதுதான். முதல் முறை என்றால் மே மாதத்தையே சொல்வோம். மார்ச் கடைசியிலும் நவம்பரின் முதல் பாதியிலும் விலை இறங்கும், குளிர் ஏறும்.

கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகப் போகிறவர்கள் தேதியில் கவனமாக இருங்கள். வியன்னா நகரமன்றச் சதுக்கச் சந்தை நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். ந்யூரெம்பெர்க் சந்தையோ ஆட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் தொடங்கி டிசம்பர் 24இல் முடியும். நவம்பர் மூன்றாம் வாரப் பயணத்தை ‘கிறிஸ்துமஸ் சந்தைப் பயணம்’ என்று வாங்கினால் பாதி ஊர்களில் கடை கட்டும் சத்தம்தான் கேட்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் ஆற்றங்கரைக் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

பயணநிரலை எப்படிப் படிப்பது

கையேட்டில் ‘பாசாவ்’ என்று போட்டிருந்தாலும் கப்பல் ஏறும் இடம் வில்ஸ்ஹோஃபனாகவோ எங்கெல்ஹார்ட்ஸெல்லாகவோ இருக்கலாம். ‘சால்ஸ்பூர்க்’ டான்யூப் கரையில் இல்லாத ஊர். லின்ஸிலிருந்தோ பாசாவிலிருந்தோ போகவர நாலு மணி நேரம் பேருந்தில் கழியும். ‘பிராக்’ என்றிருந்தால் அது விடுதித் தங்கல். ந்யூரெம்பெர்க் கப்பல்துறை கால்வாயில், பழைய நகரத்துக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ‘கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது’ என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம்: மெல்க்–கிரெம்ஸ் இடையிலான வாஹாவைப் பகலில் கடக்கிறீர்களா? சுமார் 35 கிலோமீட்டர்தான். திராட்சைப் படிக்கட்டுத் தோட்டங்கள், 1192இன் கடைசியில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்ட ட்யூர்ன்ஷ்டைன் கோட்டை இடிபாடு, அதன் கீழே நீலநிறத் தேவாலயக் கோபுரம் எல்லாம் அதற்குள் அடங்கும். பயணத்தின் உச்சமே இந்தச் சில மணி நேரம். நீரோட்டத்தோடு போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி. எதிர்நீரில் ஏறக்குறைய மூன்று மணி. சில நிரல்களில் எல்லோரும் தூங்கும்போது கடந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பயணத்தை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ரைனுக்கும் இதே விதி. அங்கே மலை இடுக்கை எதிர்நீரில், அதாவது ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாஸல் நோக்கி, கடப்பது கோட்டைகளைப் பார்க்கக் கூடுதல் நேரம் தரும்.

பிறகு கிழமை. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். வியன்னாவின் நாஷ்மார்க்ட்டும் புடாபெஸ்டின் பெரிய சந்தைக் கட்டடமும் ஞாயிறு இயங்காது. வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கோடை மூன்று மாதங்கள் தவிரத் திங்கள் விடுமுறை. நாள்காட்டியை நிரலோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் பத்து நிமிட வேலை.

கேபின்

ஐரோப்பிய நதிக் கப்பல்களின் அகலத்தை நீர்ப்பூட்டுகள் தீர்மானிக்கின்றன. 12 மீட்டர் அகலப் பூட்டில் 11.4 மீட்டர் கப்பல் நுழைகிறது. நீளம் 110 அல்லது 135 மீட்டர். அதனால் நிறுவனம் எதுவானாலும் கேபின் சிறியதுதான். சாதாரண அறை 12 முதல் 16 சதுர மீட்டர்.

கீழ்த்தளத்தில் உயரத்தில் ஒரு திறக்காத ஜன்னல். கண் மட்டத்தில் தண்ணீர். நடுத்தளம், மேல்தளத்தில் ‘பிரெஞ்சு பால்கனி’: கதவு திறக்கும், கம்பி இருக்கும், வெளியே நிற்க இடம் இருக்காது. முழு பால்கனி அதற்கு மேல். எங்கள் கணிப்பில் நடுத்தளப் பிரெஞ்சு பால்கனி, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, கொடுக்கும் பணத்துக்கு ஏற்றது. முழு பால்கனிக்குச் செலவழிக்கத் தேவையில்லை: காட்சி வரும்போது எல்லோரும் மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள், துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி நிறுத்துவதால் உங்கள் பால்கனிக்கு எதிரே இன்னொருவரின் திரைச்சீலைதான் தெரியும். பணம் மிச்சப்படுத்த வேண்டுமா, கீழ்த்தளமே எடுங்கள். பின்முனை அறைகளை மட்டும் தவிர்க்கவும், இயந்திர அதிர்வு கேட்கும். முன்முனையில் விடியற்காலையில் கப்பல் கரை சேரும்போது இரைச்சல். நீர்ப்பூட்டுச் சுவரில் இரவில் மெல்ல இடிக்கும் சத்தம் எல்லா அறைக்கும் பொது. இரண்டாம் இரவில் பழகிவிடும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: பல கப்பல்களில் மின்தூக்கி கீழ்த்தளக் கேபின்களுக்கும் மேல்தளத்துக்கும் போகாது. ஒட்டி நிற்கும் கப்பல்களைக் கடக்கச் சில சமயம் படியேறி இறங்க வேண்டும்.

விலையை ஒப்பிடும் முறை

இரண்டு நிறுவனங்களின் விளம்பர விலையை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒரு தாளில் அடிப்படை விலையை எழுதி, அதன் கீழே ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்: துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு (ஒருவருக்கு நாளுக்கு 10 முதல் 15 யூரோ வழக்கம்), கரைச் சுற்றுலாக்கள், குடிபானங்கள், விமான நிலைய வண்டி. சீனிக், யூனிவேர்ல்ட், டாவ்க் போன்றவை இவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்தே விலை சொல்கின்றன. அ-ரோசா, குரோவாசியூரோப் போன்றவற்றில் தொடக்க விலை குறைவு. முன்னதில் ஜெர்மானியர், பின்னதில் பிரெஞ்சுக்காரர் அதிகம். தனியாகப் போகிறவர்கள் இரட்டை அறைக்கான கூடுதல் கட்டணத்தையும் கேட்க வேண்டும். சில பயணங்களில் அது முழு இரண்டாவது டிக்கெட். மார்ச், நவம்பரில் அதைத் தள்ளுபடி செய்வதுண்டு. இந்தியாவிலிருந்து பணம் கட்டினால் டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வரி) பிடித்தம் இருக்கும், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிகட்டிக்கொள்ளலாம், ஆனால் கட்டும் நாளில் கையிலிருக்க வேண்டிய தொகை கூடும்.

விசா: இரவுகளை எண்ணுங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கான பொது விசா) தேவை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கடைசி வரை காத்திருக்காதீர்கள். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரம் பதிவுசெய்யுங்கள். பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் கடைசி பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறிய பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பதில்தான் நதிப் பயணிகள் தடுமாறுகிறார்கள். அதிக இரவுகள் தங்கும் நாடு; சமமானால் முதலில் நுழையும் நாடு. மாதிரிக் கணக்கு: ம்யூனிக் விடுதி 2, பாசாவ் 1, ஆக ஜெர்மனி 3. லின்ஸ் 1, கிரெம்ஸ் 1, வியன்னா 2, ஆக ஆஸ்திரியா 4. பிராட்டிஸ்லாவா 1. புடாபெஸ்டில் கப்பலில் 1, விடுதியில் 2, ஆக ஹங்கேரி 3. விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. ம்யூனிக்கில் இன்னும் இரண்டு இரவு கூட்டினால் ஜெர்மனி 5 ஆகி விண்ணப்பமும் மாறிவிடும். விடுதிகளை முடிவுசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். கப்பல் ஒவ்வொரு இரவும் எங்கே நிற்கிறது என்று நிறுவனம் தரும் கடிதத்தை இணைத்துவிடுங்கள்.

புடாபெஸ்டுக்குக் கீழே செர்பியா வழியாக ருமேனியா வரை போகும் பயணம் என்றால் ஒற்றை நுழைவு விசா போதாது. செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே நுழைந்தால் வெளியேறியதாகவும், பல்கேரியாவில் மறுபடி நுழைவதாகவும் கணக்கு. பல நுழைவு விசாவைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் மீனும் இறைச்சிச் சாறில் செய்த சூப்பும் மேசைக்கு வரக்கூடும். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் விவரமாக எழுதுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, இறைச்சியோ மீனோ கொதிக்கவைத்த சாறு இல்லை, ஜெலட்டின் இல்லை; முட்டை, பால் உண்டா இல்லையா. கப்பலில் ஏறிய அன்று உணவகப் பொறுப்பாளரிடம் அந்த மின்னஞ்சலின் நகலைக் காட்டுங்கள். அடுத்த நாள் மெனுவை முந்தைய இரவே பார்த்துச் சொல்லிவிட்டால் சமையலறையிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெட்டியில் பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்புகள் கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் எடுத்துவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழத்துக்கும் அனுமதி இல்லை. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு.

போய்ச் சேர்வதும் கரையில் நடப்பதும்

கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. நீர்ப்பூட்டுகளில் அதற்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். குறைந்தது ஒரு நாள் முன்னதாக ம்யூனிக்கிலோ வியன்னாவிலோ தங்குங்கள். இரண்டிலிருந்தும் ரயிலில் பாசாவ் இரண்டரை மணி நேரத்துக்குள். கப்பலில் ஏறுவது பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்கு. பாஸ்போர்ட்டை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். கரைக்கு இறங்கும்போது தரும் அட்டையை எடுக்க மறக்காதீர்கள், யார் திரும்பவில்லை என்பதை அதை வைத்தே பார்க்கிறார்கள்.

செருப்பு அல்ல, தடித்த அடிப்பாகமுள்ள ஷூ. பழைய ஊர்களில் தரை முழுக்க உருண்டைக் கற்கள். ட்யூர்ன்ஷ்டைன் இடிபாட்டுக்கு ஏற அரை மணி நேரம் ஆகும். நடை மெதுவாக உள்ளவர்களுக்கெனப் பல நிறுவனங்கள் தனிக் குழு வைத்திருக்கின்றன, கேட்டால்தான் தருவார்கள்.

வியன்னாவில் பெரும்பாலான கப்பல்கள் ரைஹ்ஸ்பிரூக்கே பாலத்தருகே நிற்கின்றன. ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸ நிலையம் நடக்கும் தூரம். அங்கிருந்து யூ1 மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் ஸ்டெஃபன்ஸ்ப்ளாட்ஸ், நகரத்தின் நடு. கட்டணச் சுற்றுலா எடுக்காமலே ஒரு மாலை முழுதும் அங்கே இருந்துவிட்டு வரலாம். கப்பல் நூஸ்டார்ஃபில் நின்றால் வழி வேறு, வரவேற்பில் கேளுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியாவில் யூரோ; ஹங்கேரியில் ஃபோரின்ட். அட்டை இயந்திரம் ‘ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய சிம் நான்கு நாடுகளிலும் வேலை செய்யும். கப்பலின் வைஃபை நீர்ப்பூட்டுக்குள் இறங்கும்போது அறுந்துபோகும்.

புடாபெஸ்டில் கடைசி நாள் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் அறையைக் காலிசெய்யச் சொல்வார்கள். அன்றே ஊர் திரும்புவதானால் விமானத்தைப் பிற்பகலுக்கு மேல் வையுங்கள். கப்பல்கள் நிற்கும் பெஸ்ட் பக்கக் கரையிலிருந்து டேயாக் ஃபெரென்ட்ஸ் சதுக்கம் நடக்கும் தூரம். அங்கிருந்து 100ஈ பேருந்து நேராக விமான நிலையம் போகிறது. அதற்குத் தனி டிக்கெட். சாதாரண நகர டிக்கெட் செல்லாது.